ஒரு சொட்டு ஆயில்தானே!

குக்கர் மூடியில் கேஸ்கெட் தளர்ந்துவிட்டால் நமக்கு ஒரே நாளில் தெரிந்துவிடுகிறது. விசில் வராது, ஓரத்தில் ஆவி கசியும், பருப்பு வேகாது. அன்று சாயங்காலமே கடைக்குப் போய்ப் புது கேஸ்கெட் வாங்கி வந்துவிடுவோம். அப்படிப்பட்ட நானே, எங்கள் வாசலில் நின்ற ஒரு வண்டி நாலு மாதமாகச் சொட்டுச் சொட்டாக ஆயில் விட்டுக் கொண்டிருந்ததைப் பார்த்தும் பார்க்காதவள் போல இருந்துவிட்டேன். ஒரே ஒரு இரவு தாமதித்திருந்தால் என் கணவர் இடது கை விரலை இழந்திருப்பார்.

நான் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். மெஷின் சமாசாரத்தைப் பற்றி எழுத எனக்கென்ன தகுதி என்று முதலில் தயங்கினேன். ஆனால் டிராக்டர், ஜே.சி.பி., லோடர் என்று ஏதாவது ஒரு வண்டி வாசலில் நிற்காத தோட்டத்து வீடு இப்போது குறைவு. அந்த வீட்டுச் சகோதரிகளுக்குப் பிரயோஜனப்படட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நாமக்கல் பக்கத்தில் எங்களுக்குச் சின்னதாக ஒரு முட்டைக் கோழிப் பண்ணை. கூண்டுகள் உயரத்தில் இருக்கும். எச்சம் கீழே விழுந்து குவியும். சில மாதத்துக்கு ஒரு தடவை அந்த எருவை அள்ளியே ஆக வேண்டும். முன்பெல்லாம் ஆள் விட்டு மண்வெட்டியால் அள்ளினோம். ஆள் கிடைப்பது குதிரைக் கொம்பாகிவிடவே, 2019-ல் என் கணவர் ஒரு பழைய லோடரை வாங்கிக் கொண்டு வந்தார். 'ஸ்கிட் ஸ்டீயர் லோடர்' என்பது அதன் முழுப் பெயர். ஆள் ஒருவர் உட்காரும் கூண்டு. இரண்டு பக்கமும் இரண்டு இரும்புக் கைகள். முன்னால் ஒரு பக்கெட். இதன் சக்கரம் கார் சக்கரம் போலத் திரும்பாது. ஒரு பக்கச் சக்கரங்கள் முன்னோக்கியும் மறுபக்கம் பின்னோக்கியும் சுழல, தரையில் சறுக்கியபடியே நின்ற இடத்தில் சுற்றிவிடும். அதனால் இடுக்கான செட்டுக்குள்ளும் புகுந்து வரும்.

பாலிடெக்னிக்கில் படிக்கிற என் மகன் ஒரு விஷயம் சொன்னான். இந்த வண்டியே கோழிப் பண்ணையைப் போன்ற ஓர் இடத்துக்காகத்தான் பிறந்ததாம். அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தில் ராத்சே என்று ஒரு சிற்றூர். அங்கே பட்டறை வைத்திருந்த சிரில் கெல்லர், லூயிஸ் கெல்லர் என்ற சகோதரர்கள், வான்கோழிப் பண்ணைக்காரர் ஒருவர் எரு அள்ளப் படும் சிரமத்தைப் பார்த்து, 1957-ல் மூன்று சக்கரத்தில் ஒரு குட்டி லோடர் செய்து கொடுத்தார்களாம். பிறகுதான் அது நாலு சக்கர வண்டியானது. "எங்கேயோ இருக்கிற வான்கோழிக்கும் நம்ம ஊர்க் கோழிக்கும் ஒரே வைத்தியந்தான் போல" என்று என் மாமியார் சிரித்தார்.

எங்களுடைய வண்டி வாங்கும்போதே கொஞ்சம் 'வேர்த்த' மாதிரிதான் இருந்தது. "பழைய வண்டின்னா அப்படித்தாங்க இருக்கும்" என்றார் விற்றவர். பக்கெட்டைத் தூக்குவது, இறக்குவது, சக்கரத்தை ஓட்டுவது எல்லாமே ஆயிலின் அழுத்தத்தால்தான். என்ஜின் ஒரு பம்பைச் சுற்றும். பம்ப் ஆயிலை ரப்பர் ஹோஸ் வழியாக சிலிண்டருக்குத் தள்ளும். சிலிண்டருக்குள்ளிருந்து பளபளப்பான ராடு வெளியே வந்து கையைத் தூக்கும். ஆகவே வண்டி நிறைய ஹோஸும் இணைப்புமாக இருக்கும். ஒவ்வோர் இணைப்பிலும் ஒரு ரப்பர் வளையம். எது கெட்டாலும் கசிவுதான்.

முதலில் வாசலில் கோலம் போடுகிற இடத்தில் கறுப்பாக ஒரு திட்டுத் தெரிந்தது. நான் ஒரு பழைய பெயின்ட் டப்பாவை அடியில் வைத்தேன். டப்பா வாரத்துக்கொரு தடவை நிறைய ஆரம்பித்தது. ஆயில் குறைந்தால் இவர் ஊற்றுவார். அது மறுபடி டப்பாவில் வந்து சேரும். "ஏனுங்க, மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்டிடலாமில்ல?" என்று நான் கேட்டால், "ஒரு சொட்டு ஆயில்தானே! பேட்ச் போகட்டும், பாக்கலாம்" என்பார். நானும் விட்டுவிட்டேன்.

விட்டதோடு மட்டுமல்ல. வலது பக்கக் கைக்குப் போகிற ஒரு ஹோஸ் ஈரமாக இருக்கிறது என்று இவர் சொன்னபோது, மகனுடைய பழைய சைக்கிள் ட்யூபை எடுத்துக் கொடுத்ததே நான்தான். அதைக் கிழித்து ஹோஸில் இறுக்கச் சுற்றி, மேலே கட்டுக்கம்பியால் கட்டினார். இரண்டு நாள் ஈரம் தெரியவில்லை. சரியாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டோம். உண்மையில் கசிவு நிற்கவில்லை. ட்யூபுக்குள் ஒளிந்து கொண்டது.

2022-ஆம் வருஷம் ஆடி மாதம். பேட்ச் இறங்கிவிட்டது, எரு அள்ள வேண்டும். வண்டியோ பக்கெட்டைத் தூக்கத் திணறியது. கடைசியில் மெக்கானிக் அண்ணனுக்கு போன் செய்தோம். "நாளைக்குக் காலையில வர்றேன். அதுக்குள்ள வண்டியை நல்லாக் கழுவி, காயவெச்சு, ஹோஸ் எல்லாத்து மேலயும் முகத்துக்குப் போடற பவுடரைத் தூவி வைங்க. எங்க பவுடர் நனையுதோ அங்கதான் லீக். நான் வந்து பாத்துக்கறேன், நீங்க கை வெக்காதீங்க" என்றார்.

சொட்டுகிற இடம் வேறு, கசிகிற இடம் வேறு என்பதை அன்றைக்குத்தான் தெரிந்து கொண்டேன். ஓட்டு வீட்டில் மழைத் தண்ணீர் எங்கோ இறங்கி எங்கோ சொட்டுவதில்லையா? அதேபோல ஆயிலும் சட்டத்தோடு வழிந்து அடியில் வந்துதான் சொட்டும். அழுக்கும் ஆயிலும் எருவும் சேர்ந்து களிம்பு போல அப்பியிருந்தால் மூலம் தெரியவே தெரியாது. அதனால்தான் முதலில் கழுவச் சொல்கிறார்கள்.

கழுவினது நான்தான். டீசல் துணியால் துடைத்து, சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்தேன். கையின் ஓரத்தில் கெட்டியாக ஒட்டியிருந்த அழுக்கைச் சுரண்டியபோது மஞ்சள் நிறத்தில் ஒரு ஸ்டிக்கர் தெரிந்தது. அதில் ஒரு கை. அதன் விரலில் ஈட்டி பாய்வது போல ஒரு கோடு. கையுறை போடச் சொல்கிறார்கள் போலும் என்று நினைத்துக் கொண்டு மேலே தேய்த்தேன். பழைய ட்யூபையும் அவிழ்த்து எறிந்தேன். பவுடரும் தூவியாயிற்று.

சாயங்காலம் இவருக்குப் பொறுக்கவில்லை. "ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தா என்ன?" என்று டிரைவர் பையனை ஏறி உட்காரச் சொன்னார். என்ஜின் ஓடியது, கைகள் பாதி உயரம் தூக்கி நின்றன. வலது ஹோஸ் பக்கம் பவுடர் நனைவது தெரிந்தது. சரியாக எந்த இடம் என்று புரியவில்லை. இவர் குனிந்து, நாம் சேலையில் கிழிசல் தேடுவது போல, ஹோஸ் மேல் விரலை ஓட்டினார். "ஸ்ஸ்!" என்று கையை இழுத்துக் கொண்டார்.

"என்னாச்சுங்க?"

"ஒண்ணுமில்ல, கம்பி குத்திருச்சு."

ஆள்காட்டி விரல் நுனியில் ஊசி குத்தினாற்போல ஒரு சின்னச் சிவப்புப் புள்ளி. ஒரு சொட்டு ரத்தம்கூட வரவில்லை. வேட்டியில் துடைத்துக் கொண்டு போய்விட்டார்.

இரவு சாப்பிட உட்கார்ந்தபோது இடது கையால் தண்ணீர் டம்ளரை எடுத்தார். நழுவி விழுந்தது. விரலைப் பார்த்தேன். வெளுத்து, வீங்கி, தோல் விறைத்து மினுங்கியது. தொட்டால் உணர்வில்லை என்றார். "மஞ்சளை எலுமிச்சம்பழத்துல குழைச்சு வெச்சுக் கட்டு அம்மிணி, காலையில வத்திரும்" என்றார் மாமியார். நானும் மஞ்சள் டப்பாவைக் கையில் எடுத்துவிட்டேன். அப்போதுதான் அந்த மஞ்சள் ஸ்டிக்கர் கண் முன்னால் வந்து நின்றது. விரலில் பாய்கிற ஈட்டி! ஓடிப் போய் மெக்கானிக் அண்ணனுக்கு போன் போட்டேன்.

"கையில அடிச்சிருச்சா? ஆயில் உள்ள போயிருக்கும் தங்கச்சி. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. ராத்திரி தாண்டக் கூடாது" என்று பதறினார்.

முதலில் பக்கத்திலிருந்த கிளினிக்குக்குத்தான் போனோம். டி.டி. ஊசி போட்டு, மாத்திரை கொடுத்து, "கம்பிக் காயந்தான், காலையில் வந்து காட்டுங்கள்" என்றார்கள். இவரும் வீட்டுக்குத் திரும்பிவிடலாம் என்றார். கல்யாணமாகி இருபது வருஷத்தில் அவர் பேச்சை நான் மீறியது அன்று ஒரு நாள்தான். "நீங்க வராட்டி நான் இங்கேயே உக்காந்துக்கறேன்" என்று அழுதுவிட்டேன். கார் பிடித்து, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடி, சேலத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

அங்கே டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "என்ன ஆயில்? எத்தனை மணிக்கு நடந்தது?" என்பதுதான். புறப்படும் அவசரத்திலும் ஏனோ அந்த ஆயில் கேனைப் பையில் போட்டுக் கொண்டு வந்திருந்தேன். அதை நீட்டினேன். லேபிளைப் படித்துவிட்டு, "நல்ல வேலை செய்தீர்கள் அம்மா" என்றார். நள்ளிரவுக்கு விரலைத் திறந்தார்கள். வெளியே தெரிந்தது குண்டூசித் தலையளவு புள்ளி. உள்ளே ஆயில் விரலடி வரைக்கும் பரவியிருந்ததாம். கழுவி, கெட்டுப்போன சதையை எடுத்து, தைக்காமல் திறந்தே வைத்தார்கள். இரண்டு நாள் கழித்து மறுபடியும் ஓர் ஆபரேஷன். விரல் பிழைத்தது. ஆனால் நுனி இன்றும் முழுதாக மடங்குவதில்லை. சட்டைப் பொத்தானை நான்தான் போட்டு விடுகிறேன்.

டாக்டர் எனக்குச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நம் வீட்டுக் குக்கருக்குள் இருக்கும் அழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சுமார் 15 பவுண்டு. இந்த மாதிரி வண்டிகளின் ஹோஸுக்குள் இருப்பது 2000, 3000 பவுண்டு. ஊசி முனையளவு துளை இருந்தால் போதும், ஆயில் தோலைத் துளைத்துச் சதைக்குள் பாய்ந்துவிடும். தோல் கையுறையும் தடுக்காது. தாரை மெல்லியதாக இருப்பதால் பல சமயம் கண்ணுக்கே தெரியாது. முதலில் வலியும் அதிகம் இருக்காது, அதுதான் ஆபத்து. உள்ளே போன ஆயில் சதையை அரிக்கும். வீக்கம் ரத்த ஓட்டத்தை அடைக்கும். மணிக்கணக்கில் தாமதித்தால் விரலையே, சில சமயம் கையையே எடுக்க வேண்டி வரும். இதற்கு மஞ்சள் பற்றும் கூடாது, வெந்நீர் ஒத்தடமும் கூடாது, பிதுக்கவும் கூடாது. ஆபரேஷன் தேவைப்படும் என்பதால் சாப்பிட எதுவும் கொடுக்காமல், கையை உயர்த்திப் பிடித்தபடி, அறுவைச் சிகிச்சை வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே போக வேண்டும். "ஹைட்ராலிக் ஆயில் அழுத்தத்தோடு பாய்ந்துவிட்டது" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பார்ப்பவர்களுக்கு அது வெறும் முள் குத்தியதாகத்தான் தெரியும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு மெக்கானிக் அண்ணன் வந்து வண்டியைச் சரி செய்தார். இந்தத் தடவை நான் அடுப்படியில் நிற்கவில்லை. டார்ச் லைட்டைப் பிடித்துக் கொண்டு பக்கத்திலேயே நின்றேன். முதலில் பக்கெட்டைத் தரையில் இறக்கி, என்ஜினை நிறுத்தி, லீவர்களை முன்னும் பின்னும் நாலைந்து தடவை அசைத்தார். ஹோஸுக்குள் மிச்சமிருக்கும் அழுத்தம் அப்படித்தான் இறங்குமாம். கையைத் தூக்கி வைத்து வேலை பார்க்க நேர்ந்தால், வண்டியோடு வருகிற இரும்பு லாக்கைப் போடாமல் அடியில் தலையே நீட்டக் கூடாது. ஹோஸைக் கழற்றிய மறு நிமிஷம் கை மேலே விழுந்துவிடும். ஓடுகிற வண்டியில் கசிவைத் தேட வேண்டுமானால் ஓர் அட்டைத் துண்டை நீளமாகப் பிடித்து ஹோஸை ஒட்டி நகர்த்த வேண்டும். அட்டை நனைகிற இடத்தில் ஓட்டை. அந்த அட்டையை நோட்டு அட்டையிலிருந்து நானே வெட்டிக் கொடுத்தேன்.

மூன்று இடத்தில் கசிவு இருந்தது. முதலாவது அந்த வலது பக்க ஹோஸ். அதைப் பிடித்து நிறுத்தும் கிளாம்ப் எப்போதோ கழன்று போயிருந்ததால், கை ஏறி இறங்கும்போதெல்லாம் சட்டத்தில் உரசி, ரப்பர் தேய்ந்து, உள்ளே இருக்கும் கம்பி வலை வெளியே தெரிந்தது. நாங்கள் கட்டிய கட்டுக்கம்பி அதை இன்னும் அறுத்திருந்தது. இத்தனை அழுத்தத்தை ட்யூபோ டேப்போ எதுவும் நிறுத்தாது; ஹோஸை மாற்றுவதுதான் ஒரே வழி. பழைய ஹோஸை மாதிரிக்கு எடுத்துப் போனால், ஹைட்ராலிக் ஹோஸ் கடையில் அதே கனத்தில், அதே நீளத்தில் வெட்டி, இரண்டு முனையிலும் பித்தானை அழுத்தித் தருகிறார்கள். நீளம் குறைந்தால் கை தூக்கும்போது இழுபடும். அதிகமானால் மறுபடி உரசும். புது கிளாம்பும் போட்டோம்.

இரண்டாவது, வால்வ் பக்கத்து இணைப்பு. அங்கே ஓ-ரிங் என்கிற வளையம் தட்டையாகிக் கடுத்துப் போயிருந்தது. நாள்பட்ட குக்கர் கேஸ்கெட் அப்படித்தானே ஆகும்? இவர் கசிவைக் கண்டபோதெல்லாம் ஸ்பானர் போட்டு இறுக்கியிருக்கிறார். "இறுக்க இறுக்க ரிங் நசுங்கும், மரையும் போகும். டெஃப்லான் டேப்பும் சுத்தக் கூடாது. அந்தத் துணுக்கு உள்ள போய் வால்வை அடைக்கும்" என்று சொன்ன அண்ணன், அதே அளவில் புது ரிங்கை எடுத்து, சுத்தமான ஆயிலில் தோய்த்துப் போட்டார். விலை சில ரூபாய்தான்!

மூன்றாவது சிலிண்டர். ராடு வெளியே வருகிற வாயிலிருந்த சீல் தேய்ந்திருந்தது. சீல் கிட் மாற்றுவதற்கு முன்னால் ராடை நகத்தால் தடவிப் பார்த்தார். அங்கங்கே சொரசொரப்பு. கோழி எருவின் காரம் இரும்பை அரிக்கும். எரு அள்ளிய வண்டியைக் கழுவாமல் நிறுத்தினால் ராடின் பளபளப்பு போய்க் குழி விழும். அந்தக் குழி புது சீலையும் கிழித்துவிடும். ராடைப் பட்டறைக்கு அனுப்பி மறுபடி குரோம் பூசி வாங்கினோம். செலவு முக்கால்வாசி அதற்குத்தான்.

இவ்வளவு வேலையிலும் அண்ணன் விடாமல் சொன்னது ஒரே விஷயம், சுத்தம். கழற்றிய ஹோஸ் வாயையெல்லாம் சுத்தமான பிளாஸ்டிக் பையால் மூடிக் கட்டினார். நூல் பிரியாத துணியால்தான் துடைத்தார். புது ஆயிலைச் சல்லடை வைத்து வடிகட்டி ஊற்றி, ஃபில்டரையும் மாற்றினார். ஒரு மணல் துகள் உள்ளே போனாலும் பம்ப் கெட்டுவிடுமாம். ஊறுகாய் ஜாடியில் ஈரக் கரண்டி போடாத நமக்கு இதைச் சொல்லித் தர வேண்டுமா என்ன?

கடைசியாக, வீட்டில் குழந்தை இருப்பவர்களுக்கு ஒன்று. நான் டப்பாவில் பிடித்த ஆயிலைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றித் திண்ணையில் வைத்திருந்தேன். நினைத்தால் இப்போதும் உடம்பு நடுங்குகிறது. தவறிப்போய்க் குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. ஆயில் நுரையீரலுக்குள் போய்விடும். அப்படியே தூக்கிக் கொண்டு டாக்டரிடம் ஓட வேண்டும். இப்போது பழைய ஆயிலை மூடியுள்ள கேனில் ஊற்றி, பூட்டி வைத்து, அதை வாங்குபவரிடம் கொடுத்துவிடுகிறேன். தரையில் சிந்தினால் உமியைத் தூவிக் கூட்டி அள்ளுகிறேன். கிணற்றுப் பக்கம் ஒரு சொட்டும் விடுவதில்லை.

இப்போது எரு அள்ளி முடிந்ததும் வண்டியைக் கழுவுவது என் பொறுப்பு. ஹோஸ் ஒவ்வொன்றையும் என்ஜின் நின்ற பிறகு, கொஞ்சம் எட்ட நின்று கண்ணால் பார்ப்பேன். கொஞ்சம் ஈரம் தெரிந்தாலும் அன்றைக்கே போன்தான். இவர் முன்போல "ஒரு சொட்டு ஆயில்தானே!" என்று சொல்வதில்லை. அந்த மஞ்சள் ஸ்டிக்கரை மட்டும் வாரா வாரம் துடைத்துப் பளிச்சென்று வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டு வாசலிலும் அப்படி ஒரு வண்டி நின்றால், இன்றைக்கே போய் அதிலுள்ள ஸ்டிக்கர்களை ஒரு தடவை துடைத்துப் பாருங்கள், சகோதரிகளே!